எத்தனை கட்டை என்று கேட்காதீர்கள்

டான்ஸ் மியூசிக் செய்கிறவனுக்குக் காது போகும், முதுகு போகும் என்று ஊரே பயமுறுத்தும், யாராவது வந்து "இது எத்தனை கட்டை?" என்று கேட்டால் உயிரே போய்த் திரும்பும் என்பதை மட்டும் ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கம்ப்யூட்டர் திரையில் நோட்டு வைத்துப் பிழைக்கும் சக பாவிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். திரை முழுக்கக் கட்டங்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால் ஒரு சத்தம். காதில் இடித்தால் ஒரு கட்டம் மேலே தள்ளுவோம். அப்போதும் இடித்தால் கீழே தள்ளுவோம். இடிக்காத இடத்தில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். பெரம்பலூரில், போட்டோவுக்கு ஃபிரேம் போடும் கடைக்கு மேலே உள்ள அறையில், ஒன்பது வருடமாக நான் இப்படித்தான் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கல்லூரி விழாவுக்கும் பாட்டு செய்துகொண்டிருந்தேன்.

என் பெயர் ஆரோக்கியம். போஸ்டரில் டிஜே இடி. சொந்த ஊர் மாதா கோயிலுக்குப் பேர்போன ஏலாக்குறிச்சி என்றதும், "வேதக்காரப் பையன், கோயில் பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் படித்திருப்பான்" என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். ஆர்மோனிய வகுப்பு நடந்த சனிக்கிழமைகளில் நான் கொள்ளிடத்தில் குளித்துக்கொண்டிருந்தது மாதாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

வயிற்றைக் கலக்கிய பேஸ்

தொழிலுக்கு வந்த முதல் வருடம், பாடாலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. சவுண்டு சர்வீஸ் மாணிக்கம் அண்ணன் ஆளுயரத்துக்குப் பாக்ஸ் அடுக்கியிருந்தார். எனக்குப் பாதி வேலை பிடித்துத் தருகிறவர் அவர்தான். நான் ஒரு கரகாட்டப் பாட்டுக்கு அடியில் பேஸ் போட்டு, ஹெட்போனில் பல தடவை கேட்டுப் பூரித்துப்போய் பென்டிரைவைக் கொடுத்திருந்தேன்.

ஹெட்போனில் பேஸ் வெறும் 'தும் தும்'தான். பெரிய பாக்ஸில் போட்ட பிறகுதான் அதற்கும் ஒரு சுரம் உண்டு என்பது தெரிந்தது. பாட்டு நின்ற இடத்துக்கு ஒரே ஒரு கட்டம் தள்ளி நின்றுகொண்டு அது உறுமியது. ஆடிக்கொண்டிருந்த பையன்கள் நின்றுவிட்டார்கள். முன்னால் இருந்த ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். என்னவோ தப்பு என்று கூட்டத்துக்கே தெரிந்துவிட்டது. என்ன தப்பு என்று செய்தவனுக்குத் தெரியவில்லை. பாக்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். மாணிக்கம் அண்ணன் வால்யூமைக் குறைத்துவிட்டு வந்து குனிந்து சொன்னார்:

"பாட்டு ஒரு ஊருக்குப் போவுது, ஒம் பேஸு வேற ஊருக்குப் போவுது. நடுவுல நிக்கிற சனம் எந்த பஸ்ஸுல தம்பி ஏறும்?"

மூன்றரைக் கட்டை

அடுத்தது அரியலூரில் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்பில் நாதஸ்வரமும் டிஜேவும் சேர்ந்து அடிக்க வேண்டும் என்பது பெண்ணின் அண்ணனுக்கு ஆசை. நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைத்துக்கொண்டே, "நம்ம வாத்தியம் ரெண்டரை கட்டை. உங்க பாட்டு எத்தனை கட்டை தம்பி?" என்று அன்பாகத்தான் கேட்டார். கீபோர்டில் அழுத்துகிறோமே, அதற்குத்தான் கட்டை என்று பெயர். பாட்டு எந்தக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. "தெரியாதுண்ணே" என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் நான் வேறு கணக்குப் போட்டேன். இரண்டரை இருந்தால் மூன்றரையும் இருக்கும்தானே?

"மூணரைண்ணே" என்றேன். தவில்காரர் வாரை இழுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண், நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகளுக்கு அரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மட்டும் கறுப்புக் கட்டையே கிடையாது. உலகத்தில் எந்தக் கீபோர்டிலும் கிடையாது. இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு அவர்கள் கொஞ்ச நேரம், நாங்கள் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி வாசித்து ஒப்பேற்றினோம். கிளம்பும்போது நாதஸ்வரக்காரர் என் தோளில் கை வைத்தார்:

"மூணரைக் கட்டைய எந்தக் கடையில தம்பி வாங்குனீங்க? எனக்கும் ஒண்ணு வாங்கியாங்க."

சின்னப் பெண் குரல்

அதற்குப் பிறகும் நான் கற்றுக்கொள்ளவில்லை. கேள்வி கேட்கிறவர்கள் இருக்கும் பக்கமே போகாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். மைக், மேளம், கீபோர்டு என்று எந்த உயிருள்ள ஆளும் வேண்டாம், நானும் கம்ப்யூட்டரும் போதும் என்று முடிவு செய்திருந்தேன். அப்படியே ஓட்டியிருக்கலாம். கொளஞ்சி அக்கா வந்தார்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை அவருக்கு. தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். திருவிழாக்களில் கும்மிக்கு முன்பாட்டு அவர்தான். யாரோ எடுத்துப் போட்ட வீடியோவில் பார்த்துவிட்டு அறைக்கு வரவழைத்து, மேளம் ஏதும் இல்லாமல் ஒரு கும்மிப் பாட்டைப் பாட வைத்துப் பதிந்தேன். மதகு திறந்த மாதிரி குரல். என்னிடம் ஏற்கெனவே சின்த்தில், அதாவது கம்ப்யூட்டர் கீபோர்டு சத்தத்தில், செய்து வைத்த மெட்டு ஒன்று இருந்தது. இரண்டையும் சேர்த்தால் இடித்தது. அக்காவின் குரலை ஒரு கட்டம் ஏற்றினேன், இடித்தது. இரண்டு, மூன்று. நாலாவது கட்டத்தில் அச்சாக உட்கார்ந்தது. சின்த்தைக் கீழே இறக்கியும் பார்த்திருக்கலாம். அது என் மனதில் தோன்றவே இல்லை. பாட்டு வெளியாகி, ஜெயங்கொண்டம் வரைக்கும் பஸ்ஸில் எல்லாம் ஓடியது. அக்கா ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்:

"என்னா தம்பி, எங்கொரலு சின்னப் பொண்ணு கொரலாட்டம் கேக்குது? கம்ப்யூட்டருன்னா இப்படித்தான் வருமா?"

அழைப்பு

"ஆமாங்க்கா, இப்படித்தான் வரும்" என்றேன். அந்தப் பொய்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை. இரண்டு மாதம் கழித்து அரியலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழாவிலிருந்து கூப்பிட்டார்கள். பாட்டு வேண்டும், ஆனால் அக்காவே மேடையேறிப் பாட வேண்டும் என்றார்கள். எனக்கு ஏதோ ஒரு நெருடல். இருந்தாலும் சரி என்றுவிட்டேன். அக்காவிடம் சொன்னபோது கொட்டை உடைக்கிற கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது:

"அந்தக் காலேசுலதான் எம் பொண்ணு படிக்குது தம்பி. அம்மா என்ன வேலன்னு கேட்டா அது பேச்ச மாத்திடும். அன்னைக்கி ஒரு நாளாவது அது 'எங்கம்மா'ன்னு சொல்லணும்."

ஒத்திகை

பாட்டை ஓடவிட்டு மைக்கைக் கையில் கொடுத்தேன். முதல் வரியிலேயே அக்கா அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது வரியில் கழுத்து நரம்பு புடைத்தது. உச்சத்துக்குப் போகிற இடத்தில் குரல் கிழிந்து நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் பாடினார். அதே இடத்தில் அதே மாதிரி கிழிந்தது. "பதட்டம்தான்க்கா, இன்னொரு தடவை" என்றேன். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை பாட வைத்தேன். அந்த ஆறு தடவையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆறாவது தடவைக்குப் பிறகு அவருக்குப் பேசவே குரல் இல்லை, காற்றுதான் வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குரலை வைத்துத்தான் அந்த அம்மாளுக்கு ஊரில் ஒரு மரியாதை. அதையே கெடுத்துவிட்டேனோ? எதனால் என்றுகூடத் தெரியாமல் ஒன்றைக் கெடுப்பதுதான் பெரிய பயம். அக்கா மைக்கை மெதுவாக மேசையில் வைத்தார்:

"எம் பாட்ட எனக்கே பாட முடியல தம்பி. வயசாயிடுச்சு போலருக்கு. அன்னைக்கி இருந்த கொரலு போயிடுச்சு."

ஜெனிபர் வந்த மதியம்

மேடைக்குக் கீபோர்டு வாசிக்க வரதராஜன்பேட்டையிலிருந்து ஜெனிபரைக் கல்லூரிக்காரர்களே பேசியிருந்தார்கள். பேங்கில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பாள், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவள் அறைக்கு வருகிறாள் என்றதும் எனக்குப் பழைய காய்ச்சல். 'எத்தனை கட்டை' என்று கேட்பாளே. ஆனால் அவள் கேட்கவில்லை. பாட்டை ஓடவிட்டு, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "ஏழு கட்டை" என்றாள். பிறகு நான் முதலில் பதிந்து வைத்திருந்த அக்காவின் வெறும் குரலைப் போடச் சொன்னாள். தொட்டுப் பார்த்தாள். அஞ்சு கட்டை.

"நடுவுல யாருண்ணே ஏத்துனது?" என்றாள். அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவில் அரையரையாக எண்ணினால் நாலு. நான் தள்ளிய நாலு கட்டம். கம்ப்யூட்டர் குரலை ஏற்றிவிட்டது, அக்காவின் தொண்டையை யார் ஏற்றுவது? நாலு என்ற ஒரு எண் தெரியாமல் அந்த அம்மாளை ஆறு தடவை மலையேற்றியிருக்கிறேன். பாடுகிறவர்களுக்கெல்லாம் பாதுகாவலி என்று நாங்கள் கும்பிடுகிற செசிலியம்மாளின் படம் ஜெனிபரின் போனில் ஒட்டியிருந்தது. அவள் அதைத் தொட்டுக் காட்டினாள்:

"அஞ்சு கட்டக் கொரல ஏழுக்கு ஏத்துனா, இவங்களே எறங்கி வந்து பாடுனாலும் தொண்ட கட்டிக்கும்ண்ணே."

சத்தம் இல்லாத வீடு

மறுநாள் காலையில் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினேன். வழி நெடுக வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. அக்கா முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சைகையால் உட்காரச் சொன்னார். தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் ஒரு வாரமாகப் பேசுவதில்லையாம், வீட்டுக்காரர் சொன்னார். பக்கத்தில் மருந்துப் பாட்டில், பனங்கற்கண்டு, வெந்நீர்.

"பாட்டைக் கொஞ்சம் மாத்தப் போறேன்க்கா, சுலபமா இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். ஏன் மாற்றுகிறேன் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாரோ, ஊரெல்லாம் சொல்லிவிடுவாரோ, 'டிஜே இடிக்கு ஒண்ணும் தெரியாது' என்று ஆகிவிடுமோ என்று பயம். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தன் குரல் போனதற்காக நான் இரக்கப்பட்டு இறங்கி வருகிறேன் என்று நினைத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. பஸ் ஏற்றிவிட வந்த அவர் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அவ பாடாம வேலை செஞ்சு நான் பாத்ததே இல்லீங்க தம்பி. வூடே செத்தாப்புல இருக்கு. உங்க விழா முடிஞ்சதும் எங்க வூட்டு சத்தத்தத் திருப்பிக் குடுத்துடுங்க."

பன்னிரண்டு

முழுப் பாட்டையும் நாலு கட்டம் இறக்கினேன். ஓய்வு முடிந்து அறைக்கு வந்த அக்கா அதற்கு மெல்ல முனகிப் பார்த்தார், கழுத்து நரம்பு தெரியவில்லை. அப்பாடா என்று மாணிக்கம் அண்ணன் குடோனில் பாக்ஸில் போட்டால் பேஸைக் காணோம். நாலு கட்டம் இறங்கியதில் அது பாக்ஸால் பேச முடியாத பாதாளத்துக்குப் போய்விட்டது. பாக்ஸின் கூம்புகள் வாயை அசைக்கின்றன, சத்தம் இல்லை. விழாவுக்கு இரண்டே நாள். பேஸ் இல்லாத டான்ஸ் பாட்டுக்கு எவன் ஆடுவான்? குடோன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஜெனிபருக்குப் போன் செய்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக "எனக்குத் தெரியாதும்மா" என்று சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. அவள் கவுண்டரில் ஆள் நிற்கிறது என்று அவசரமாக, "பேஸ மட்டும் பன்னிரண்டு எண்ணி மேல வைங்கண்ணே, அதே சுரம்தான் திரும்ப வரும்" என்றாள். எண்ணினேன். அதே சுரம், ஒரு மாடி மேலே. ஒன்பது வருடம் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தும், பன்னிரண்டில் அவை ஒரு சுற்று முடிந்து திரும்பவும் தொடங்குகின்றன என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குடோன் தகரம் அதிர்ந்தது. மாணிக்கம் அண்ணன் காதைத் தேய்த்துக்கொண்டார்:

"இப்பதான் தம்பி பாட்டும் பேஸும் ஒரே பஸ்ஸுல போவுது. இந்த பஸ்ஸப் புடிக்க ஒம்பது வருசமா?"

மேடை

விழா நாள், பிற்பகல் மூன்று மணி. பந்தலைத் தாண்டி வெயில் நேராக லேப்டாப் திரையில் அடித்தது. ஒன்றும் தெரியவில்லை. அதில் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் கடைசி' என்று மூன்று வைத்திருந்தேன். சக பாவிகளே, உங்கள் லேப்டாப்பிலும் அப்படித்தான் இருக்கும். ஏற்றி வைத்தது எது, ஏழு கட்டையா, அஞ்சா? சட்டையைக் கழற்றித் தலையில் போட்டு மறைத்துப் பார்க்க நேரமில்லை. அறிவிப்பாளர் அக்காவின் பெயரைச் சொல்லிவிட்டார். மேடைக்கு நேர் கீழே அக்காவின் மகள், கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி, சிரிக்காமல் நிற்கிறாள். அக்கா நடந்து வருகிறார். தப்பான பாட்டு ஓடினால் அந்தக் குரல் மகளுக்கு முன்னால், ஆயிரம் பேருக்கு முன்னால் கிழியும்.

"ஜெனிபர், அஞ்சைத் தொடு!" என்று கத்தினேன். தொட்டாள். ஹெட்போனை ஒரு காதில் அழுத்தி, மறுகாதில் அந்தக் கட்டையைக் கேட்டேன். இடித்தது. நன்றாகவே இடித்தது. ஏற்றியிருந்தது பழசு! அடுத்ததைத் தட்டினேன். அதுவும் ஏழு கட்டைதான், இடித்தது. அதற்கடுத்தது. இரண்டு காதிலும் ஒரே இடம். பட்டனை அழுத்தினேன். அக்கா வாயைத் திறந்தார், மதகு திறந்தது. உச்சத்துக்குப் போகும் இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். குரல் ஏறி, அங்கே வசதியாக நின்று, சாவகாசமாக இறங்கி வந்தது. கண்ணைத் திறந்தபோது மகள் பக்கத்தில் இருந்தவளை உலுக்கி மேடையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வாயசைவில் தெரிந்தது.

மேடைக்குப் பின்னால் அக்கா வெந்நீர் குடித்துக்கொண்டே, "டாக்டரு மருந்து நல்ல மருந்து தம்பி, கொரலு திரும்பி வந்துடுச்சு" என்றார். அத்தோடு நான் தப்பித்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மருந்துப் பாட்டில் அவர் மடியிலேயே இருந்தது. "மருந்து இல்லக்கா. உங்க குரலு எங்கயும் போகல. நான்தான் பாட்ட உங்களுக்கு எட்டாத உசரத்துல வச்சிட்டேன். அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பின்னாடியும் சொல்லப் பயந்துட்டேன்" என்றேன். அவர் தன் கறுத்த விரல்களால் மருந்துப் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"இத்தன நாளா எங்கொரல நானே கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேனே தம்பி. எது வரைக்கும் எட்டும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, பாடிக் காட்டிட்டுப் போயிருப்பேனே."

டான்ஸ் பாட்டு செய்ய சுரம், சுருதியெல்லாம் தெரிய வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதே இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், மூச்சு விடுகிற ஒரு ஆள் வந்து அதைப் பாடுகிற வரைக்கும்.